மரபா, மயக்கமா? எம்.ஜி.பி. காரும் மட்டக்களப்பு வாவிக்கரையும்

பழைய பொருளின்மீது பற்றுக்கொள்வது மனித இயல்பு. அழகிய பொருளொன்றைக் கண்டு அதனைத் தனதாக்க விழைவதும் குற்றமன்று. ஆயின், ஆசையானது தன்னை ஆசையென ஒப்புக்கொள்ளாது, முதலீடு என்றும் மரபுபேணல் என்றும் பெயர்சூடி அவைக்கு வருமாயின், அதன் முகத்திரையை விலக்கிப் பார்ப்பது கற்றோர் கடனாகின்றது. பழைய ஆங்கில ஸ்போர்ட்ஸ் கார்களை வாங்கி வைப்பது பற்றி இலங்கைத் தமிழ் மத்தியதர வர்க்கத்தினரிடையே எழும் பேச்சு இத்தகைய முகத்திரை அணிந்ததே. இலண்டனிலோ ரொறன்ரோவிலோ பொருளீட்டி ஊர் திரும்பும் ஒருவர், அல்லது ஊரிலேயே உத்தியோகம் பார்த்து ஓய்வூதியப் பணத்தைக் கையிற் பெற்ற ஒருவர், மட்டக்களப்பு வாவியின் கரையிலே எம்.ஜி.பி. கார் ஒன்றை வாங்கி நிறுத்தலாமா என்ற கேள்வியை எடுத்துக்கொண்டால், அப்பேச்சின் உண்மையும் போலியும் வேறுவேறாகப் பிரியும். வாங்க வேண்டாம் என்பதே இங்கு நிறுவப்படும் முடிபு. அம்முடிபுக்குப் புறநடை ஒன்று உண்டு. அது இறுதியிற் கூறப்படும்.

கேள்விக்குரிய பொருள் யாது என்பதை முதற்கண் வரையறுத்தல் வேண்டும். எம்.ஜி. என்னும் எழுத்துக்கள் ஒக்ஸ்போர்ட் நகரிலிருந்த மொறிஸ் கராஜஸ் என்னும் வணிக நிலையத்தின் பெயரிலிருந்து பிறந்தவை. 1962இல் அறிமுகமான எம்.ஜி.பி., அபிங்டன் தொழிற்சாலை 1980 ஒக்டோபரில் மூடப்படும்வரை ஐந்து இலட்சத்துக்கு மேற்பட்ட எண்ணிக்கையில் உருவாக்கப்பட்டது. அவற்றுட் பெரும்பகுதி ஐக்கிய அமெரிக்காவுக்கு ஏற்றுமதியாயிற்று. கூரையை மடித்து வைக்கத்தக்க, இருவர் அமரும் வகை முதலில் வந்தது. நிலையான கூரையுடைய ஜீ.ரீ. வகை 1965இல் அதனுடன் சேர்ந்தது. 1798 கன சென்ரிமீற்றர் கொள்ளளவும் நான்கு சிலிண்டர்களும் உடைய எஞ்சின், நிலத்தை ஒட்டித் தாழ்ந்த உடல், நீண்ட முன்மூடி ஆகியன அதன் அடையாளங்கள். அது கண்ணுக்கு இனியது என்பதில் ஐயமில்லை. இங்கு வழக்கு அதன் அழகைப் பற்றியதன்று. அழகின் பெயரால் முன்வைக்கப்படும் நியாயங்களைப் பற்றியது.

அந்நியாயங்களை ஆராயுமுன், இரசிகர் பலரும் எளிதிற் கடந்துசெல்லும் உண்மையொன்றை நினைவூட்டுதல் தகும். எம்.ஜி.பி. காரின் எஞ்சின், பிரித்தானிய மோட்டார் கூட்டுத்தாபனத்தின் ‘பி’ வரிசை எஞ்சின் குடும்பத்தைச் சேர்ந்தது. இலங்கையின் வீதிகளில் பல்லாண்டு ஓடிய ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ் காரின் எஞ்சினும் அதே குடும்பத்தினது. இந்தியாவில் 2014 வரை தயாரிக்கப்பட்ட அம்பாசடர் காரில் நெடுங்காலம் இயங்கிய 1489 கன சென்ரிமீற்றர் எஞ்சினும் அக்குடும்பத்து உறுப்பே. திருமண வீட்டாரையும் நோயாளரையும் சந்தைக்குச் செல்வோரையும் ஏற்றிச்சென்ற வாடகைக் காரின் நெஞ்சமும், சீமானின் முற்றத்தில் நிற்கும் ஸ்போர்ட்ஸ் காரின் நெஞ்சமும் உடன்பிறந்தவை. ஒன்றின் கொள்ளளவு சற்றுப் பெரிது, காபரேற்றர்கள் இரண்டு, உடுத்த உடை வேறு. ஒன்றைத் ‘தகரப்பெட்டி’ என இகழ்ந்து மற்றொன்றைக் ‘கலைப்படைப்பு’ எனப் போற்றுவோர், பொறியியலை அளவுகோலாகக் கொண்டு அவ்வாறு செய்வதில்லை. உடையைக் கண்டு மதிப்பளிக்கும் பழைய சமூக வழக்கத்தையே இரும்பின்மீதும் ஏற்றிவைக்கின்றனர்.

இனி, முதலாவது நியாயத்தை நோக்குவோர் அது முதலீடு பற்றியதெனக் காண்பர். புதிய கார் ஆண்டுதோறும் விலை குறையும். பழைய கார் ஆண்டுதோறும் விலை ஏறும். ஆகவே பழைய காரை வாங்குதல் சேமிப்பு என்பது அவ்வாதம். கேட்பதற்கு இனிமையான இக்கூற்று மூன்று பிழைகளைத் தன்னகத்தே கொண்டுள்ளது.

முதற்பிழை, அருமைக்கும் பழமைக்கும் வேறுபாடு காணாமை. ஐந்து இலட்சத்துக்கு மேல் உருவாக்கப்பட்ட ஒரு கார் உலக நோக்கில் அரியதன்று. அதன் உடற்கூட்டையே பழைய அச்சுக்களைக் கொண்டு மீண்டும் செய்து விற்கும் வேலை 1988இல் இங்கிலாந்திலே தொடங்கிவிட்டது. உதிரிப்பாகங்கள் இலகுவாகக் கிடைக்கின்றன என்று எம்.ஜி.பி. அன்பர்கள் பெருமைப்படுவது முற்றிலும் உண்மை. ஆனால் எந்த வசதி அக்காரை உயிருடன் வைத்திருக்கின்றதோ, அதே வசதிதான் அதன் விலைக்கும் உச்சவரம்பு இடுகின்றது. பாகங்கள் எளிதிற் கிடைக்கும் என்றும், விலை வானளாவ உயரும் என்றும் ஒரே மூச்சிற் கூறுவோர் தம் வாதத்தைத் தாமே வெட்டுகின்றனர்.

இரண்டாவது பிழை, விலையைச் செல்வமெனக் கொள்ளுதல். 1980களின் இறுதியில் மேலைநாடுகளிற் பழைய கார்களின் விலை கட்டுமீறி ஏறிற்று. 1990ஐ அடுத்து அது சரிந்தபோது, கடன்பட்டு வாங்கியோர் கையைப் பிசைந்து நின்றனர். இலங்கையிலும் அண்மையில் ஒரு பாடம் நிகழ்ந்தது. வெளிநாட்டுச் செலாவணி நெருக்கடியால் 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. அதனால் நாட்டிலிருந்த பாவித்த வாகனங்கள் யாவும் விலை ஏறின. தன் முற்றத்தில் நின்ற கார் தன்னைச் செல்வந்தனாக்கிவிட்டதென்று எண்ணியோர் பலர். அந்த ஏற்றத்தைத் தந்தது காரின் தகைமையன்று. துறைமுகக் கதவு மூடியிருந்தமையே. 2025 பெப்ரவரியில் தனியார் கார்களுக்கும் அக்கதவு மீளத் திறக்கப்பட்டது. பஞ்சகாலத்து அரிசி விலையை அடிப்படையாக வைத்து வயலின் மதிப்பைக் கணிப்பவன் நல்ல வேளாளன் ஆகான்.

மூன்றாவது பிழை, செலவை மறைத்தல். விற்கப்படாத காருக்கு விலை என்று ஒன்றில்லை. செலவு மட்டுமே உண்டு. அச்செலவு பவுணிலே கணிக்கப்படுகின்றது. வருமானமோ ரூபாவிலே வருகின்றது. 2022இன் தொடக்கத்தில் டொலருக்கு ஏறத்தாழ 200 ஆக இருந்த ரூபா, அவ்வாண்டு மே மாதத்தில் 360 என்னும் அளவை அண்மித்தது. பவுணுக்கு எதிராகவும் அது அவ்வாறே வீழ்ந்தது. ஒரே உதிரிப்பாகத்துக்குச் சில வாரங்களுள் அரைப்பங்குக்கு மேல் கூடுதலாகச் செலுத்த நேர்ந்தவனுக்கு, கார் ஒரு சேமிப்பாகத் தோன்றியிருக்காது. தன் வீட்டு முற்றத்தில் நிற்கும் கடன்காரனாகவே தோன்றியிருக்கும்.

முதலீடு என்னும் வாதம் எவ்விடத்தும் வலுவற்றதாயினும், மட்டக்களப்பில் அது இன்னுமொரு காரணத்தாலும் நிலைகுலைகின்றது. அக்காரணம் உப்பு.

மட்டக்களப்பு வாவி கடலோடு தொடுப்புடைய உவர்நீர்ப் பரப்பு. வடக்கே முகத்துவாரத்தினூடாகவும் தெற்கே கல்லாற்றுப் பக்கமாகவும் கடல்நீர் அதனுட் புகும். எழுவான்கரையில் வாழ்வோர், ஒருபுறம் கடலும் மறுபுறம் வாவியுமாக, இரு நீர்களுக்கிடைப்பட்ட ஒடுங்கிய மணற்றரையில் வாழ்பவர்கள். வாடைக்காலத்து மழை அம்மண்ணைக் கிழமைக்கணக்கில் ஈரமாக வைத்திருக்கும். இத்தகைய காற்றில் இரும்பு என்னவாகும் என்பதை அங்கு வீட்டுச் சாளரத்துக்குக் கம்பி போட்ட எவரும் அறிவர். கல்லடியில் 1924இல் திறக்கப்பட்ட லேடி மனிங் பாலம், தடித்த இரும்புச் சட்டங்களாலானது. 2013இல் அதனருகே புதிய பாலம் திறக்கப்படும்வரை போக்குவரத்துச் சுமை முழுவதையும் தாங்கிற்று. அத்தகைய சட்டங்களுக்கே பூச்சும் பராமரிப்பும் இடையறாது வேண்டுமாயின், ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றர் தடிப்பேயுள்ள தகரத்தின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை.

இவ்விடத்து எம்.ஜி.பி. காரின் அமைப்பை அறிதல் இன்றியமையாதது. அதற்கு முந்திய எம்.ஜி.ஏ. கார், தனிச் சட்டகத்தின்மேல் உடற்கூடு பொருத்தப்பட்டதாக இருந்தது. எம்.ஜி.பி. காரில் தனிச் சட்டகம் இல்லை. தகர உடலே சட்டகத்தின் வேலையையும் செய்கின்றது. கூரை மடியும் வகையில் அச்சுமையின் பெரும்பகுதியைத் தாங்குவது, கதவுகளுக்குக் கீழே இருபுறமும் பெட்டிபோல் அடைத்து ஒட்டப்பட்ட தகரப் பகுதியாகும். கறள் முதலிற் குடிபுகும் இடமும் அதுவே. அது உள்ளிருந்து வெளியே வருவது; வெளித் தகரத்திற் குமிழி தோன்றும்போது உட்தகரம் பெரும்பாலும் தின்னப்பட்டிருக்கும். வண்டியின் பக்கத்தை ஜக்கினால் உயர்த்தும்போது கதவுக்கும் உடலுக்கும் இடையிலுள்ள இடைவெளி ஒடுங்குமாயின், வண்டியின் முதுகெலும்பு முறிந்துவிட்டதென்பது பொருள். காந்தத் துண்டொன்று ஒட்டாத இடத்தில் இருப்பது தகரமன்று, நிரப்புப் பசை. மேலே பூசிய செந்நிறமோ பச்சை நிறமோ இவை எதனையும் சொல்லாது. இங்கிலாந்தில் பனிக்காலத்து வீதிகளிற் கொட்டப்படும் உப்பு இக்கார்களை அழித்தது. ஆதலினாலேயே அமெரிக்காவின் வறண்ட மாநிலங்களில் ஓடியவற்றை இன்றும் தேடி வாங்குகின்றனர். மட்டக்களப்பிலோ உப்பை எவரும் கொட்ட வேண்டியதில்லை; காற்றே கொண்டுவந்து தரும்.

உப்புக்கு அடுத்தது வெள்ளம். 1978 நவம்பர் 23ஆம் நாளின் சூறாவளியும், 2004 டிசம்பர் 26ஆம் நாளின் கடற்கோளும், 2011 ஜனவரியின் பெருவெள்ளமும் இப்பிரதேசத்தின் நினைவிலிருந்து நீங்காதவை. நிலத்திலிருந்து ஒரு சாண் உயரமும் இல்லாத அடித்தளத்தையுடைய காரை இங்கு நிறுத்திவைப்பவன், ஒவ்வொரு மாரியிலும் வானத்தை அண்ணாந்து பார்த்திருக்க வேண்டும். நெல் விதைத்தவன் வானத்தைப் பார்ப்பதில் அர்த்தமுண்டு.

இரண்டாவது நியாயம் மரபு பற்றியது. பழைய கார்கள் நாட்டின் வரலாற்றுச் சின்னங்கள். அவற்றைப் பேணுதல் மரபைப் பேணுதலாகும் என்பர். வரலாற்றுச் சின்னம் என்பதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் யாருடைய வரலாறு என்று கேட்பதற்கு உரிமையுண்டு. ஆங்கில ஸ்போர்ட்ஸ் கார் என்பது இலங்கையில் தோட்டத்துரைகளுடனும், கொழும்பின் செல்வக் குடும்பங்களுடனும், மலைநாட்டுப் பந்தயங்களுடனும் தொடர்புபட்டு வாழ்ந்த பொருள். படுவான்கரையின் உழவனுக்கோ வாவியில் வலைவீசியவனுக்கோ அதனுடன் யாதொரு உறவும் இருந்ததில்லை. மண்முனைத் துறையில் 2014இல் பாலம் திறக்கப்படும்வரை, மக்களும் வண்டிகளும் ‘பாதை’ என்று அப்பகுதியில் வழங்கும் மிதவையிலேயே அக்கரைக்கும் இக்கரைக்குமாகக் கடந்தனர். அந்தப் பாதைக்காக வெயிலில் நின்றவனின் வரலாற்றை எந்த ஸ்போர்ட்ஸ் காரும் சுமக்கவில்லை.

மேலும், அக்காரின் நெற்றியில் எழுதப்பட்டிருப்பதையும் வாசித்தல் வேண்டும். 1957 ஜனவரி முதல் புதிதாகப் பதிவான மோட்டார் வாகனங்களின் இலக்கத் தகடுகளிற் சிங்கள ‘ஸ்ரீ’ எழுத்துப் பொறிக்கப்பட்டது. அதனை எதிர்த்து வடக்கிலும் கிழக்கிலும் எழுந்த தார்பூசும் போராட்டம் தமிழர் அரசியல் வரலாற்றின் ஓர் அத்தியாயம். 1962இற் பிறந்த எம்.ஜி.பி., 1960களில் இலங்கையிற் பதிவாகியிருக்குமாயின், அவ்வெழுத்துடனேயே பதிவாகியிருக்கும். அத்தகைய காரை மட்டக்களப்பில் நிறுத்திவைத்து ‘இது நமது மரபு’ என்று கூறுபவர், தகட்டின் வரலாற்றையும் சேர்த்துச் சொல்வாராயின் அவர் பேச்சில் நேர்மை இருக்கும். தகட்டைத் துடைத்து மினுக்கிவிட்டு வரலாற்றை மறைப்பாராயின், அவர் பேணுவது மரபன்று, மறதி.

ஆயின், கிழக்கில் மோட்டார் மரபு என்று ஒன்றில்லையா? உண்டு. அது வேறு இடத்தில் இருக்கின்றது. 1948 முதல் 1970களின் தொடக்கம்வரை பதினாறு இலட்சத்துக்கு மேற்பட்ட எண்ணிக்கையில் உருவாக்கப்பட்ட மொறிஸ் மைனரும், ஒஸ்ரின் ஏ40, கேம்பிரிட்ஜ் ஆகியனவும் இலங்கைத் தமிழரின் அன்றாட வாழ்வில் இடம்பெற்ற வண்டிகள். 1970 முதல் 1977 வரை இறக்குமதிக் கட்டுப்பாடு இறுகியிருந்த காலத்தில் உதிரிப்பாகங்கள் கிடைத்தற்கரியனவாயின. அப்போது ஊர்க் கராஜ்களின் தொழிலாளர், தேய்ந்ததைக் கடைந்தும், முறிந்ததை ஒட்டியும், ஒரு வண்டியின் பாகத்தை மற்றொன்றுக்குப் பொருத்தியும் அவற்றை ஓடவைத்தனர். 1990களில் யாழ்ப்பாணத்திற் பெற்றோல் தடைப்பட்டபோது, சிறிதளவு பெற்றோலால் எஞ்சினைச் சூடாக்கிப் பின்னர் மண்ணெண்ணெயில் ஓட்டும் உபாயத்தை அத்தொழிலாளரே நடைமுறைப்படுத்தினர். அக்காலத்து எஞ்சின்களின் அழுத்த விகிதம் குறைவாக இருந்தமையால் அது சாத்தியமாயிற்று. அழுத்த விகிதம் 8.8 வரை உயர்ந்த எம்.ஜி.பி. எஞ்சின் மண்ணெண்ணெயை எளிதிற் பொறுத்துக்கொள்ளாது. நெருக்கடியில் மக்களோடு நின்ற இரும்பு எது, நிற்க இயலாத இரும்பு எது என்பதற்கு இதனினும் தெளிவான அளவுகோல் வேண்டியதில்லை.

இவ்வறிவின் பெறுமதியை வெளியுலகமே உணர்ந்ததற்கும் சான்றுண்டு. இங்கிலாந்தின் பாத் நகரில் மொறிஸ் மைனர் கார்களைப் புதுப்பிக்கும் நிலையத்தை நடத்திய சார்ள்ஸ் வெயர் என்பார், ஆண்டுதோறும் கார் மாற்றுவதைவிட நின்றுபிடிக்கும் காரொன்றைத் தொடர்ந்து பழுதுபார்த்து ஓட்டுவதே சிக்கனமானது என வாதிட்டவர். அம்முயற்சியின் தொடர்ச்சியாக 1990களில் மொறிஸ் மைனருக்கான தகரப் பாகங்கள் இலங்கையிலே செய்யப்பட்டு இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டன. ஆண்டவன் நாட்டின் காருக்கு ஆளப்பட்டவன் நாட்டின் கை உறுப்புச் செய்து கொடுத்தது. இது மரபு. செய்த கை எங்கே இருக்கின்றதோ அங்கே மரபு இருக்கின்றது. வாங்கிய கையில் இருப்பது பற்றுச்சீட்டு மாத்திரமே.

மட்டக்களப்பு மக்களுக்கு இவ்வுண்மையைப் புதிதாகக் கற்பிக்க வேண்டியதில்லை. வடமோடி, தென்மோடிக் கூத்துக்கள் இம்மண்ணில் நிலைத்தது எவ்வாறு? கூத்துடுப்பையும் கிரீடத்தையும் கண்ணாடிப் பெட்டியுள் வைத்துப் பூட்டியதாலன்று. அண்ணாவியார் மத்தளத்தைத் தட்டித் தாளக்கட்டைச் சொல்லிக்கொடுக்க, இளைஞர் மாதக்கணக்கில் ஆடிப்பழகிக் களரியேறியதால் நிலைத்தது. பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் பேராதனைப் பல்கலைக்கழக மேடைக்கு மட்டக்களப்புக் கூத்தைக் கொண்டுசென்றபோது, கிரீடங்களைக் காட்சிக்கு வைக்கவில்லை, மாணவரை ஆடவைத்தார். ஊர்க் கராஜின் மூத்த மெக்கானிக், காபரேற்றரின் ஓசையைக் காதாற் கேட்டே குறையறியும் அண்ணாவியார். அவரிடம் பயில மாணவன் இல்லையெனில், ஆயிரம் பழைய கார்கள் மினுக்கப்பட்டு நின்றாலும் அக்கலை இறந்ததே.

மூன்றாவது நியாயம் இன்பம் பற்றியது. இதுவே மூன்றினுள் நேர்மையானது. ‘முதலீடும் வேண்டாம், மரபும் வேண்டாம், மாலை வேளையில் கூரையை மடித்துவிட்டு வாவிக்கரை வழியே ஓட்டிச்செல்லும் இன்பம் ஒன்றே போதும்’ என்பவர் பொய்யுரைக்கவில்லை. இன்பத்தைப் பழிப்பது எவருக்கும் பெருமை தராது. எனினும், இன்பத்திற்கும் கணக்கு உண்டு. எம்.ஜி.பி. மணிக்கு 160 கிலோமீற்றர் வேகத்தை எட்டக்கூடியது. இலங்கையில் அதிவேக நெடுஞ்சாலைகளுக்கு வெளியே கார்களுக்கான உச்ச வேகம் 70 கிலோமீற்றர். அவ்வேகத்தில் ஓட ஸ்போர்ட்ஸ் கார் தேவையில்லை. ஈயம் கலந்த பெற்றோல் இலங்கையில் 2002இல் நிறுத்தப்பட்டதால், அதற்கெனவே வடிவமைக்கப்பட்ட பழைய எஞ்சினின் வால்வு இருக்கைகளை மாற்றியமைக்க வேண்டிய தேவையும் எழும். 2022இன் எரிபொருள் நெருக்கடியிற் கார்களுக்கு வாரத்துக்கு 20 லீற்றர் என்னும் பங்கீடு தொடங்கியபோது, நூறு கிலோமீற்றருக்குப் பத்து லீற்றரை ஒட்டிக் குடிக்கும் இக்கார் ஒரு வாரப் பங்கில் மட்டக்களப்பிலிருந்து கொழும்பை அடைந்திராது. இவற்றையெல்லாம் அறிந்த பின்னரும் எஞ்சுகின்ற இன்பம் உண்மையான இன்பம். பெரும்பாலானோரிடம் அது எஞ்சுவதில்லை. எஞ்சுவது, காருக்குள் இருப்பவனை வீதியில் நிற்பவன் பார்க்கவேண்டும் என்னும் விருப்பமே. அவ்விருப்பத்திற்கு இன்பமென்று பெயரில்லை.

இக்கருத்துக்களுக்கு எதிராக எழக்கூடிய வலிமையான ஆட்சேபம் ஒன்றுண்டு. ‘பணம் படைத்த ஒருவர் பழைய கார் வாங்குவதால்தானே மெக்கானிக்குக்கு வேலை கிடைக்கின்றது? வாங்குவோரைத் தடுத்தால், நீங்கள் போற்றும் அந்தக் கைத்தொழிலும் சேர்ந்து அழியாதா?’ என்று வினவலாம். வினா நியாயமானது, விடையும் உண்டு. முற்றத்தில் நிறுத்தி உறைபோட்டு மூடப்படும் காரால் மெக்கானிக் வாழ்வதில்லை. நாளாந்தம் ஓடித் தேயும் காராலேயே வாழ்கின்றார். முதலீட்டு நோக்கில் வாங்குபவர் காரை ஓட்டார்; ஓட்டினால் விலை குறையும் என்று அஞ்சுவார். பாகங்களை ஊரிற் செய்விக்கார். ‘மூலப்பாகம்’ வேண்டுமென்று இலண்டனிலிருந்து தருவிப்பார். காரைப் பழுதுபார்க்கக் கொழும்புக்கு லொறியில் ஏற்றி அனுப்புவார். ஊர்க் கராஜின் வாசலில் அக்கார் ஒரு நாளும் நில்லாது. ஆகவே அவரது கொள்வனவால் ஊர்த் தொழிலாளி பெறுவது வேடிக்கை பார்க்கும் வாய்ப்பு மாத்திரமே.

முடிவில், முன்னர் குறிப்பிட்ட புறநடைக்கு வருதல் வேண்டும். காரைத் தானே நாளாந்தம் ஓட்டுபவரும், அதன் அடித்தகரத்தைத் தானே தட்டிப்பார்த்து அறிபவரும், பழுதை ஊர்த் தொழிலாளரிடமே கொடுத்து அவருடன் கூடநின்று கற்பவரும், செலவிட்ட பணம் திரும்பாது என்பதை முன்னரே மனத்தில் எழுதிக்கொண்டவருமாகிய ஒருவர் எம்.ஜி.பி. வாங்குவாராயின், அவரைத் தடுக்க நியாயமில்லை. அவருக்கும் ஓர் ஆலோசனை உண்டு: நிலையான கூரையுடைய ஜீ.ரீ. வகை, மழையையும் உவர்க்காற்றையும் ஓரளவேனும் கூடுதலாகத் தாங்கும். ஆயின் இந்நான்கு தகைமைகளும் ஒருங்கே உடையவர், பெரும்பாலும் எவரிடமும் ஆலோசனை கேட்பதில்லை. ‘வாங்கலாமா’ என்று கேட்டுக்கொண்டு திரிபவரே ஏனையோர். அவர்களுக்கான விடை, வேண்டாம் என்பதே.

பழைய காரின்மீது அன்பு மெய்யானதாயின், அதற்குச் செய்யத்தக்க பணி அருகிலேயே உண்டு. வாவிக்கரைக் கராஜ்களில் மொறிஸ் மைனரையும் கேம்பிரிட்ஜையும் கழற்றிப் பூட்டி வளர்ந்த தலைமுறை மூப்பெய்திவிட்டது. அவர்களது அறிவு எந்நூலிலும் எழுதப்படவில்லை. விஞ்ஞானப் பட்டதாரியாகிய சுவாமி விபுலாநந்தர், தமிழிற் கலைச்சொல்லாக்கப் பணிக்கு 1930களில் தலைமைதாங்கினார். மறைந்துபோன யாழின் இலக்கணத்தைக் கணித்து ஆராய்ந்து 1947இல் யாழ்நூலை வெளியிட்டார். காரைதீவில் அவரைப் பெற்ற இம்மண்ணிற் கற்றோர், உயிருடனிருக்கும் ஓர் அறிவை எழுதிவைக்கவும் தயங்குவாராயின் அது பெருங்குறை. வந்தாறுமூலையின் கிழக்குப் பல்கலைக்கழக மாணவரும் தொழினுட்பக் கல்லூரி மாணவரும் குறிப்பேட்டுடன் அக்கராஜ்களுக்குச் செல்லலாம். தொழிலாளர் வழங்கும் சொற்களையும் உபாயங்களையும் பதிவுசெய்யலாம். பணமுடையோர், ஸ்போர்ட்ஸ் காரின் விலையில் ஒரு பங்கைக்கொண்டு இளைஞர் சிலரை அத்தொழிலாளரிடம் சம்பளத்துடன் பயிலவைக்கலாம்.

எம்.ஜி.பி. ஒன்றின் விலையைக் கேட்கப் புறப்படுபவர், அதற்கு முன்னர் தம் ஊர்க் கராஜுக்குச் சென்று, அங்குள்ள முதியவரிடம் தொழில் பயில எத்தனை பேர் இருக்கின்றனர் என்று கேட்கட்டும். எவருமில்லை என்பது விடையாயின், அப்பணம் சென்றுசேரவேண்டிய இடம் அதுவே.